சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ்

பாலக்காட்டு எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் ஊர் வாயனசாலையின், அதாவது வாசகசாலையின், செயற்குழுவினருக்கும், சனிக்கிழமை மாலைகளில் அங்கே வந்து அமர்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

தை மாதம் நடந்த பாட்டு நிகழ்ச்சியில் மைக் செட் பாதியில் நின்றுபோனதற்காக, பேசிய வாடகை 4,000 ரூபாயில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தீர்கள். நான் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். நான் அப்படி வாங்குகிற ஆள் இல்லை என்பது பொருளாளருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ஆம்ப்ளிபயரில் ஃபியூஸ் போனது உண்மை. மாற்று ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்ததும் உண்மை. கழற்றி மாட்ட அரை நிமிடம் போதும். நான் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒயரை இழுத்துப் பார்த்து, எதையோ தேடுகிறவனைப் போல நடித்தேன். இரண்டு பாட்டு முடிகிறவரை நடித்தேன். 34 ஆண்டுத் தொழிலில் இப்படி ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. மாமாவின் கடையில் கூம்பு ஒலிபெருக்கி தூக்கிப் பழகிய காலத்திலிருந்து, ஒலி நிற்கிற ஒரு நொடியும் எங்களுக்கு அவமானம் என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைய தவறில் எனக்குப் பங்கு உண்டு, உங்களுக்குப் பங்கு உண்டு, கேட்க வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அன்று பாட வந்த பெண் முதலமடைப் பக்கத்துக்காரர். மாங்காய்ப் பருவத்தில் தோப்பில் தரம் பிரித்துப் பெட்டி கட்டுகிற வேலை, மற்ற நாளில் பாட்டு. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. கூட வந்த தம்பி உடுக்கை வாசித்தார். நோட்டீஸில் ஆறு மணி என்று அச்சடித்திருந்தீர்கள். ஆறு மணிக்கு ஸ்வாகதம் என்கிற வரவேற்புரை தொடங்கியது. பிறகு தலைமையுரை, உத்காடனம் என்கிற தொடக்கவுரை. அதற்குப் பிறகு ஆசம்ஸை. வாழ்த்துரை என்று தமிழில் சொன்னால் அதன் நீளம் விளங்காது, ஆசம்ஸை என்றே சொல்கிறேன். ஏழு பேர் ஆசம்ஸை பேசினார்கள். ஒருவர் சாலைப் பணியைப் பற்றிப் பேசினார். ஒருவர் தம் மகளுக்கு வேலை கிடைத்ததைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண் வாயைத் திறந்தபோது மணி ஏழு இருபத்தைந்து. எட்டரைக்குள் முடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பொன்னாடையும் நினைவுப் பரிசும் புகைப்படமும்.

முதல் பாட்டு பாதி ஆகும்போது செயற்குழு உறுப்பினர் ஒருவர் என் பக்கம் வந்து, "எக்கோவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், நாட்டுப்புறம் என்றால் எடுப்பாக இருக்க வேண்டும்" என்றார். நான் ஏற்றினேன். வாடகை கொடுப்பவர் சொன்னால் குமிழைத் திருப்புவதுதான் எங்கள் தொழில்தர்மம். இன்னும் கொஞ்சம் என்றார். திருப்பினேன். உடுக்கை இருக்கிறதே, அதன் இடுப்புக் கயிற்றை விரல் அழுத்த அழுத்தத் தோல் இழுபட்டு, ஒலி ஏறி இறங்கி, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். என் எக்கோவில் அது பேய்ப்படத்துப் பின்னணியாகிவிட்டது.

குரலுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் தொழிலில் எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன். பேச்சிலும் பாட்டிலும் உயிரெழுத்துக்குத்தான் பலம். நீட்டலாம், எவ்வளவு தூரமும் போகும். மெய்யெழுத்து மெல்லியது, சட்டென்று வந்து மறைவது. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மெய்தான். ஒலி, ஒளி, ஒழி என்ற மூன்றையும் நாக்கு எங்கே தொடுகிறது என்பதை வைத்துத்தானே பிரிக்கிறோம். எக்கோ என்ன செய்யும்? முன் வந்த உயிரெழுத்தின் வால் நீண்டு, பின்னால் வருகிற மெய்யின் மேல் படுத்துக்கொள்ளும். நம் கூடத்துக்கு ஏற்கெனவே சொந்த எதிரொலி இருக்கிறது. ஓட்டுக்கூரையும் மர உத்தரமும் இருந்தபோது ஒலியைக் கொஞ்சம் விழுங்கின. இப்போது மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், சுற்றிலும் வெறும் சுவர். அதன்மேல் என் இயந்திரத்து எக்கோ. மூன்று பாட்டில் எனக்குப் புரிந்த சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் மிக்ஸருக்குப் பக்கத்தில் இருந்தவன். கடைசி வரிசையில் இருந்தவர்களின் கதி என்னவாக இருந்திருக்கும்?

அதனால் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒருவர் கைப்பேசியில் தேங்காய் விலை விசாரித்தார். பின்னாலிருந்து ஒருவர் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டார். இன்னொருவர் இன்னொன்று கேட்டார். நான் சினிமாப் பாட்டைக் குறைத்துப் பேச மாட்டேன், எனக்குச் சோறு போட்டதே அதுதான். எம். எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, 1928-இல் பிறந்தார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தோசை சுட வந்தவரிடம் புட்டு கேட்டால் அவர் என்ன செய்வார்? அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எனக்கு என் பாட்டு மட்டும்தான் வரும்" என்றார். அதுவும் எக்கோவில் நான்கு முறை கேட்டது.

நான்காவது பாட்டின் தொடக்கத்தில் ஃபியூஸ் போனது.

அவர் ஒரு நொடி நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, பாட்டை முதலிலிருந்து எடுத்தார். தம்பி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். என் கை சட்டைப் பைக்குப் போனது. முதல் அடியைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

2020-ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கைப் பற்றிய பாட்டு அது. தாய் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், மகள் இந்தப் பக்கம். நடுவில் ஆறு கிலோமீட்டர். தாய் இறந்துவிடுகிறாள். மகளுக்குப் பாஸ் வரவில்லை. பாஸ் இல்லாமல் எல்லையைக் கடப்பவற்றை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். கணவாய்க் காற்று வருகிறது, காக்கை போகிறது, பனையோலைச் சலசலப்பு கேட்கிறது. ஆழியாற்றுத் தண்ணீருக்காவது ஒப்பந்தம் இருக்கிறது, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று எழுதி வைத்து மணக்கடவு அணையில் அளந்து விடுகிறார்கள். மகளை எந்த அணையில் அளப்பார்கள் என்று கேட்கிறாள். கடைசியில் கைப்பேசித் திரையில் தீ எரிவதைப் பார்க்கிறாள், படம் நடுவில் நின்று நின்று ஓடுகிறது. இந்தச் செய்தியைத்தான் என் வார்த்தையில் சொல்கிறேன். அவர் சொல்லை நான் எழுதிக் காட்ட மாட்டேன். அது அவருடையது. அந்த விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர், "அம்மிணி, ஆறு கிலோமீட்டர் இல்லை, எட்டு வரும்" என்றார். அவர் மனைவி, "வாய்க்கால் வழியாகப் போனால் ஆறுதான்" என்றார். பின் வரிசையில் ஒருவர் எழுந்து அந்த வாய்க்கால் வழியில் அந்த ஆண்டு முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்ததைச் சொன்னார். அவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தார், நம் ஊர் வழக்கப்படி. அந்தப் பெண் எல்லோருக்கும் பதில் சொன்னார். கூடத்துக்குள் ஒரு சிறு வழக்கே நடந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் மைக் கட்டிய எந்த மேடையிலும் ஒரு பாட்டின் நடுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரும் வழக்காடியதைப் பார்த்ததில்லை. கேட்டால்தானே வழக்காட முடியும்?

அடுத்த பாட்டு பனையேறியான அவருடைய தாத்தாவைப் பற்றியது. மரம் சரியாக எல்லையில் நிற்கிறது. இந்தப் பக்கம் இறங்கினால் பானையில் இருப்பது கள், அந்தப் பக்கம் இறங்கினால் அதே பானையில் இருப்பது குற்றம். 1987-இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும், ஆகவே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தாத்தா எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். வரிசையாக, முன்னிருந்து பின்னுக்கு. மலையாளம் மட்டும் பேசுகிற நண்பர்களும் அதே இடத்தில் சிரித்தார்கள். தேங்காய் விலை விசாரித்தவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

அப்போது செயலாளர் என் தோளைத் தட்டினார். ஃபியூஸைப் போட்டேன். டொம் என்று ஒரு சத்தம், பிறகு இரைச்சல். தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்து, "காலங்காலமாக நம் முன்னோர் வாய்மொழியாகப் பாடி வந்த பாடல்களை" என்று தொடங்கினார். இ-பாஸ் பற்றிய பாட்டை எந்த முன்னோர் பாடினார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் வருத்தம் இல்லை. முதல் மூன்று பாட்டை என் எக்கோவில் கேட்டார், அடுத்த இரண்டுக்கு வெளியே தேநீர் ஏற்பாட்டில் இருந்தார்.

ஆனால் அந்தத் தவறு அதோடு நிற்கவில்லை. யாரோ எடுத்த காணொளி மறுநாளே "பழைய நாட்டுப்புறப் பாட்டு" என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றியது. அவர் பெயர் எங்கும் இல்லை. நம் நோட்டீஸிலும் ஆசம்ஸைக்காரர்கள் ஏழு பேருக்குக் கீழே, சிறிய எழுத்தில்தான் அவர் பெயர் இருந்தது. 'சொந்தப் பாடல்கள்' என்ற சொல் இல்லவே இல்லை. நாட்டுப்புற மெட்டில் இருக்கிறது என்பதற்காக ஒரு பாட்டு அநாதை ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் உயிரோடு இருக்கும்வரையும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் சொல்லும் மெட்டும் ஆக்கியவருடையவை. பாடுகிறவருக்கும் தம் நிகழ்ச்சியின்மேல் தனி உரிமை உண்டு, அவர் சம்மதிக்காமல் பதிவு செய்து பரப்பக் கூடாது. ஊர்வழிக் கும்மிப்பாட்டு வேறு, போன வருடம் ஒருவர் உட்கார்ந்து கட்டிய பாட்டு வேறு. இந்த வேறுபாட்டை ஒரு வாயனசாலைக்கு மைக் செட்காரன் எடுத்துச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பாட்டு நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். என்னை மட்டுமல்ல, வேறு எந்த மைக் செட்டையும் கூப்பிடாதீர்கள்.

எனக்கு 4,000 கொடுக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கும் தம்பிக்கும் சேர்த்து வழிச்செலவு என்று உறையில் வைத்தது 1,500. சத்தத்தைப் பெரிதாக்கியவனுக்குக் கிடைத்ததில் பாதிகூட அதை உண்டாக்கியவருக்கு இல்லை. அந்தப் பணத்தை அப்படியே அவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது வழிச்செலவு என்று சொல்லாமல் சம்பளம் என்று சொல்லுங்கள்.

கடைசி வரிசைக்குக் கேட்குமா என்று கேட்பீர்கள். நம் கூடம் நாற்பதடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம், தொண்ணூறு நாற்காலி. செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா மைக் இல்லாத நாடக மேடைகளில் பாடிப் பெயர் எடுத்தவர். அவர் காலத்துக் கொட்டகைக்கு முன் நம் கூடம் ஒரு சமையலறை. அப்படிப்பட்ட குரல் எல்லோருக்கும் வாய்க்காது என்பதும் தெரியும். ஆகவே சில காரியங்கள் செய்ய வேண்டும். தூரம் இரட்டித்தால் ஒலி ஆறு டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக் கணக்கு, நான்கு சுவருக்குள் அவ்வளவு குறையாது. பாடுகிறவரை மேடையில் ஏற்றாமல் நீளச் சுவரின் நடுவில் நிறுத்தி, நாற்காலிகளைப் பிறை வடிவில் போட்டால், பெரும்பாலானவர்கள் பதினைந்து இருபதடிக்குள் வந்துவிடுவார்கள். காது மந்தமான பெரியவர்களை முன்னால் உட்கார வையுங்கள், இப்போது அந்த இடத்தில் ஆசம்ஸைக்காரர்கள் உட்கார்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் திரை வேண்டாம், துணி ஒலியைக் குடிக்கும். வெறும் சுவர் முன்னுக்குத் தள்ளும். மற்றச் சுவர்களில் நம் பழைய நாடகத் திரைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். கூடம் நிறைந்தால் மனிதர்களும் ஒலியை வாங்குவார்கள். மீதி வேலை கேட்பவர்களுடையது.

வெளியே பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக் கட்டச் சொல்கிற இரண்டு கூம்புகளும் வேண்டாம். கூம்பு தூரம் போகும், குரலின் அடித்தொனியைக் கொண்டுபோகாது. பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு யாரோ யாரையோ திட்டுவதுபோலத்தான் கேட்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கூம்புக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு பத்துக்குப் பிறகு வெளியே ஒலிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் காவல் நிலையத்துக்கு நடப்பது நான்தான்.

மைக் இல்லாவிட்டால் நிகழ்ச்சிக்குக் களை இருக்காது என்று ஒரு உறுப்பினர் முன்பு சொல்லியிருக்கிறார். இந்த வாயனசாலையை எதற்காகக் கட்டினார்கள்? 1945-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 வாசகசாலைகளைக் கூட்டித் தொடங்கிய இயக்கம் பிறகு கேரளம் எங்கும் ஊர் ஊராகப் பரவியது. படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா இந்தக் கூடத்தில் அப்படித்தான் செய்தி கேட்டார். ஒற்றைக் குரலைக் கேட்கக் கட்டிய இடம் இது. இதற்குள் இத்தனை பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கியவன் நான்தான். அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும்.

நம் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். கூத்துமாடத்தில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் 21 விளக்கு. புலவர்கள் கம்பனின் பாட்டைச் சொல்லித் தமிழிலும் மலையாளத்திலுமாகப் பொருள் விரிப்பார்கள். துணிக்கு முன்னால் பல இரவுகளில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். பகவதி கேட்கிறாள் என்று பாடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முறை அங்கே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன், நானும் ஒரு நாயும். கன்யார்களியில் ஆடுகிறவர்கள் பாடும் பாட்டிலும் பொறாட்டு நாடகக்காரர்கள் பேசும் பேச்சிலும் நம் தமிழ் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்துச் சித்தூரில் ஆண்டுதோறும் கொங்கன் படையைத் தோற்கடித்து விழா எடுக்கிறார்கள், கொங்குத் தமிழ் பேசுகிற நாமும் குடும்பத்தோடு போய் நின்று நாம் தோற்பதைக் கைதட்டிப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற ஒருவருக்கு விஷயத்துக்குப் பஞ்சம் வராது. அதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு கூடத்துக்குத்தான் பஞ்சம்.

பிடித்துக்கொண்ட 500 ரூபாயை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். அதையும் முதலமடைக்கு அனுப்பிவிடுங்கள். அன்று கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு அக்காளும் தம்பியும் ஆட்டோவில் போனார்கள், அந்தக் கூலி உறையில் இருந்ததில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

அடுத்த நிகழ்ச்சி பங்குனியில் என்று கேள்விப்பட்டேன். தையில் கணவாய்க் காற்று இருந்தது, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். பங்குனி வெயிலுக்கு மின்விசிறி ஐந்தும் ஓடியாக வேண்டும். நடுவில் இருக்கிற விசிறி கடகடவென்று அடிக்கிறது, அதற்குக் கீழே மைக் இல்லாமல் யாராலும் பாட முடியாது. பேரிங் போயிருக்கிறது, நான் மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைக் செட்காரன்